சேலை மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் பேச்சியம்மாள் அத்தை சொன்னது. அத்தை எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அதனால் அத்தை சொன்னது எது, நான் பிறகு விசாரித்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். இல்லையென்றால் எனக்கு மனசு கேட்காது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒரு வார்த்தை பிசகினாலும் 'படிச்ச புள்ள பேசுற பேச்சா இது' என்று எல்லாரும் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள்.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது பேனரைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்களே, 'யாரு இவரு, நல்ல களையான மொகமா இருக்கே' என்று. கீழே 'நீதி வென்றது' என்று பெரிதாக எழுதியிருந்தது, அதைப் படித்தீர்களா? வழக்கில் விடுதலை ஆனதற்கு வைத்த பேனர். அவர் பெயர் தவசிலிங்கம். எங்கள் ஒன்றியத்துக்குச் சேர்மனாக இருந்தவர். முகத்தில் களை இருக்கிறதுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குக் குமட்டுவதே அந்தக் களையைப் பார்த்துத்தான்.

இந்தப் பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீர்கள். உள்ளே ஆப்பிள் இருக்கிறது, நசுங்கிவிடும். அது வேறு விஷயம், பிறகு சொல்கிறேன்.

செண்பகவல்லி என்று ஒருவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் 'சத்துணவு டீச்சர்' என்று கூப்பிடும். எங்கள் அத்தை அவருக்குக் கீழே சமையல் உதவியாள். ஒரு வருடம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பருப்பு சரியாக வரவில்லை. வந்தாலும் பாதிதான். இருப்பதை வைத்துச் சாம்பார் என்று ஒன்றை ஊற்றினார்கள். பிள்ளைகள் அதற்கு 'மஞ்சத்தண்ணி' என்று பெயர் வைத்தார்கள். 'டீச்சர், எனக்கு மஞ்சத்தண்ணி வேணாம், வெறுஞ்சோறு போதும்' என்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ளுமாம். செண்பகவல்லி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், 'மேல இருந்து வரலம்மா, நாங்க என்ன செய்ய' என்பதுதான் பதில்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் மிளகாய் திரிக்க மில்லுக்குப் போயிருக்கிறார். மில் யாருடையது என்றால் சேர்மனுடைய மச்சினனுடையது. முன்பக்கம் கூட்டமாக இருந்ததால் பின்பக்கமாக நிழலுக்குப் போய் நின்றார். அங்கே ஒரு லாரி. மூட்டை மூட்டையாகப் பருப்பு இறங்குகிறது. மூட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது. மாதாமாதம் அந்த எழுத்துக்காகத்தானே அவர் காத்திருக்கிறார், தூரத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை அவிழ்த்து வெறும் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சேர்மன் உட்கார்ந்திருந்தார். ஒரு கை பருப்பை அள்ளி, ஊதி, வாயில் போட்டு மென்று பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"என்னத்தா, மொளகா திரிக்கவா?"

"ஆமாங்கய்யா."

"கூட்டமா இருக்கோ? டேய், டீச்சருக்கு மொதல்ல போட்டு விடுங்கடா."

அவ்வளவுதான். மிளகாய்ப் பொடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் அந்த ஆள் வாயில் போட்டு மென்றது கண்ணை விட்டுப் போகவில்லை என்பார். பிள்ளைகள் தட்டுக்கு வராத பருப்பு.

பிறகு யாரோ மனுப் போட்டு, லஞ்ச ஒழிப்புத் துறை வந்தது. லாரியைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். சாக்கைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சேர்மனை அந்த இடத்தில் பார்த்தேன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் வந்தது. செண்பகவல்லி. மாஜிஸ்திரேட் முன்னால் போய் வாக்குமூலமும் கொடுத்துவிட்டார். அவர் இல்லையென்றால் வழக்கு மச்சினனோடு நின்றுவிடும். அவர் இருந்தால் சேர்மன் ஜெயிலுக்குப் போவார். ஊருக்கே இது தெரியும். சேர்மனுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் என்னென்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள். பஸ் போகாத ஒரு ஊருக்கு மாற்றல் போட்டார்கள், அவர் மேலே எழுதிப்போட்டு அதை நிறுத்தினார். வீட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது. புருஷன் முனீஸ்வரன் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், அந்தக் கடைக்கு யாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. 'நமக்கு எதுக்குடி இந்த வேலை' என்று அவர் தினமும் கத்தினார். இந்த அம்மா அசையவில்லை.

அரசு வக்கீல் அவரை வரச்சொல்லி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "அந்தாளோட ஆளுங்க போன் பண்ணா எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்தா கதவத் தெறக்காதீங்க. காசு குடுத்தா மட்டுமில்ல, காபித்தண்ணி வாங்கிக் குடுத்தாக்கூடக் குடிக்காதீங்க. கேட்டுச்சா?" செண்பகவல்லி அதை வேதமாக எடுத்துக்கொண்டார். சேர்மன் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சந்தனம்கூட எடுக்காமல் திரும்பினாராம். கோயிலில் சேர்மன் உபயம் என்று பொங்கல் கொடுத்தால் கையை நீட்ட மாட்டாராம். அத்தை சிரிக்கும். "ஏ புள்ள, அவ மூச்சு விடுற காத்துகூட அந்தாளு வீட்டுப் பக்கமிருந்து வருதான்னு பாத்துட்டுத்தான் விடுவா."

அவ்வளவு கவனமான மனுஷி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டது. அதே சமயத்தில் அவருடைய மகள் தர்ஷினி வயசுக்கு வந்துவிட்டாள். ஒரே பிள்ளை. உங்கள் பக்கம் எப்படியோ அக்கா, எங்கள் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன் இல்லாமல் எதுவும் நகராது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் பிள்ளை ஈரத் துணியோடு திரை மறைவில் நிற்கும். தாய்மாமன் வீட்டுச் சேலை வர வேண்டும். மேளத்தோடு, தட்டு வரிசையோடு வர வேண்டும். அந்தச் சேலையைக் கட்டித்தான் மணையில் உட்கார வைப்பார்கள். மாமன் கையால்தான் மாலை. அதற்கு முன்னால் வேறு துணி மாற்றக் கூடாது. இதில் என்ன அறிவு இருக்கிறது என்று எனக்கும் புரியவில்லை. எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். நானும் நின்றேன்.

செண்பகவல்லியின் கூடப்பிறந்த அண்ணன் பைக் விபத்தில் இறந்துபோனார். அதனால் பெரியப்பா மகன் அழகர் சீர் செய்வதாகப் பேச்சு. அவரே வந்து, "எந்தங்கச்சி மகளுக்கு நாஞ்செய்யாம வேற எவன் செய்வான்" என்று மார்பில் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சடங்கு அன்றைக்குக் காலையில் தண்ணீர் ஊற்றினார்கள். தை பிறந்த புதிது, வாடைக் காற்று. பிள்ளை திரைக்குப் பின்னால் ஈரத்தோடு நிற்கிறது. அழகரைக் காணோம். போன் போட்டால் 'வந்துக்கிட்டே இருக்கேன் தங்கச்சி'. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. பந்தலில் ஆட்கள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று முணுமுணுக்கிறார்கள். கிழவிகள், "மாமன் சேலை வராம மாத்தாதீங்கத்தா, புள்ளைக்கு ஆகாது" என்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பிள்ளைக்குப் பல் கிட்டுகிறது. "அம்மா, ஏதாவது ஒரு துணி குடும்மா, நைட்டி குடுத்தாக்கூடப் போதும்மா" என்று அழுகிறது. முனீஸ்வரன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கிறார்.

அப்போது தெருமுனையில் மேளம் கேட்டது.

எல்லாருக்கும் போன உயிர் வந்தது. "அழகர் வந்துட்டான், அழகர் வந்துட்டான்" என்று குலவை போட்டார்கள். செண்பகவல்லி ஆரத்தித் தட்டோடு ஓடி வாசலில் நின்றார். வெடி வெடித்துப் புகையாக இருந்தது. புகை விலகினால் தட்டுகள். ஒன்று இரண்டு இல்லை, தெரு நீளத்துக்குத் தட்டுகள். ஆப்பிள், மாதுளை, லட்டு, வளையல், வெள்ளிக் கொலுசு. முன்னால் ஒரு தட்டில் பட்டுச் சேலை. அந்தத் தட்டைப் பிடித்தபடி சேர்மன் பெண்சாதி. பக்கத்தில், கையில் ரோசாப்பூ மாலையோடு, சேர்மன்.

அழகரும் இருந்தார். பின்னால் பத்தோடு பதினொன்றாகத் தேங்காய்த் தட்டு தூக்கிக்கொண்டு.

செண்பகவல்லிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு வீட்டுக்குப் போகிற சீர் தப்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாராம். அப்புறம் அழகரைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

அழகர் தேங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானே தாரேன்னுதான் இருந்தேன் தங்கச்சி. சேர்மனே வாரேன்னாரு. வேணாம்னு எப்பிடிச் சொல்ல?"

ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை இந்த வருடம் அழகருக்குத்தான் விழுந்திருக்கிறது. இது அத்தை சொன்னதில்லை, நான் தனியாக விசாரித்தது.

சேர்மன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. அதைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை இல்லை. கண் கலங்கி நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணன் இல்லாத புள்ளன்னு எந்தங்கச்சி ஒருநாளும் நெனைக்கக் கூடாது. நான் இருக்கேன்" என்றார். அந்த அழுகை நிஜம் என்று அத்தை இப்போதும் சொல்கிறது. எனக்கு அதைக் கேட்கும்போதுதான் உடம்பெல்லாம் கூசுகிறது. பொய்யாக அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

பந்தலில் கொஞ்சப் பேர் விசிலடித்தார்கள். கொஞ்சப் பேர் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். செண்பகவல்லி ஆரத்தித் தட்டோடு வழியை மறித்து நின்றார். வக்கீல் சொன்னது எல்லாம் ஓடியிருக்கும். போன் எடுக்காதே. கதவைத் திறக்காதே. இங்கே கதவே இல்லையே, பந்தல். காபி குடிக்காதே. சீர்த் தட்டைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. வந்த சீரை வாசலோடு திருப்புவது என்றால் எங்கள் பக்கம் அது அந்தப் பிள்ளைக்கே சாபம் விடுகிற மாதிரி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். உள்ளேயிருந்து பிள்ளை, "அம்மா, குளுருதும்மா" என்று கத்தியது.

"என்னடி யோசிக்க? புள்ள வெறைச்சுச் செத்துரும்டி!" இது முனீஸ்வரன்.

செண்பகவல்லி சேர்மன் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னார். "சேலை மட்டும் குடுங்க."

சத்தமாகச் சொன்னாராம். பத்துப் பேருக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாராம். "சேலை மட்டும். வேற எதுவும் வேணாம்."

"அதுக்கென்ன மதினி, மொதல்ல சேலை, அப்புறம் மத்தது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா உள்ளே போய்விட்டது. மேளக்காரன் கையை ஓங்கி அடித்தான். அந்தச் சத்தத்தில் தட்டுகள் எல்லாம் பின்னாலேயே உள்ளே போய்விட்டன. மாமன் பெண்டாட்டி என்ற முறையில் அந்த அம்மாவே பிள்ளைக்குச் சேலை கட்டிவிட்டது. மணையில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சேர்மன் மாலை போட்டார். போட்டோக்காரன் ஒருவன் அவர்களோடேயே வந்திருந்தான். "அம்மா, நீங்களும் இந்தப் பக்கம் நில்லுங்க" என்றான். செண்பகவல்லி நிற்கவில்லை. ஆனால் குனிந்து மகளுடைய முந்தானையைச் சரிசெய்தார், பிள்ளைக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் எடுத்துவிட்டான்.

மறுநாள் விடிந்தபோது பஸ் ஸ்டாண்டில் பேனர். சேர்மன் மாலை போடுகிறார், செண்பகவல்லி குனிந்து நிற்கிறார். சேர்மன் காலில் விழப் போகிற மாதிரி இருந்தது. 'அன்புத் தங்கை இல்ல விழாவில் எங்கள் தாய்மாமன்' என்று எழுத்து. பள்ளிக்கூடத்தில் பையன்கள் தர்ஷினியை 'சேர்மன் மருமகளே' என்று கூப்பிட்டார்கள். பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

செண்பகவல்லி சும்மா இருக்கவில்லை. பேனரைப் பார்த்த அன்றைக்கே ஒரு ஆட்டோவில் தட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனார். எங்கள் அத்தை துணைக்குப் போனது, அதனால் இது அத்தை நேரில் பார்த்தது. சேர்மன் பெண்சாதி கேட்டுக்கு உள்ளேயே நின்று, "சீர் திரும்பி வந்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது மதினி. வேணாம்னா ஏழைபாழைக்குக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திவிட்டது. சரி என்று ஆட்டோவை லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு விடச் சொன்னார். அங்கே போய், "சார், இத நீங்களே வச்சுக்கங்க. நான் கேட்டு வாங்கல. என்னைய மாத்துறதுக்காகக் குடுத்தது, எழுதிக்கங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் தட்டுகளைப் பார்த்தாராம். தலையைச் சொறிந்தாராம்.

"என்னன்னு எழுத? ரூபா நோட்டுன்னா எழுதலாம். லட்டு, மாதுளம்பழம்... இத எந்த செக்சன்ல எழுதச் சொல்றீங்க? அந்தாளு உங்கள மெரட்டுனாரா?"

"இல்ல சார்."

"கேஸைப் பத்திப் பேசுனாரா?"

"இல்ல சார். தங்கச்சின்னாரு."

"தங்கச்சின்னு சொல்றது குத்தமாம்மா?"

"குத்தந்தான் சார்."

பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்துவிட்டாராம். கடைசியில் கொலுசை மட்டும் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். பழம் அழுகிவிடும் என்று ஏட்டு சொன்னார். 'வச்சுட்டுப் போங்க, பாத்துக்கிறோம்.' இவர்கள் படியிறங்கும்போதே லட்டுத் தட்டு ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. சேர்மனைப் பிடிக்க வந்த அலுவலகம் அக்கா. சேர்மன் வீட்டு நெய் லட்டு. ஒரு ஆள் விரலை நக்கிக்கொண்டே, "நல்ல நெய்யி" என்றாராம்.

சேலையை மட்டும் கொடுக்க முடியவில்லை. கட்டிய சேலை அது.

கோர்ட்டு நாள் வந்தது. அன்றைக்கும் அத்தைதான் துணை. செண்பகவல்லி பஸ்ஸில் வாயை அசைத்துக்கொண்டே வந்தாராம். லாரி எங்கே நின்றது, சேர்மன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார், என்ன சொன்னார், எல்லாம். மறந்துவிடக் கூடாது என்று. கோர்ட்டு வராந்தாவில் அரசு வக்கீல் இவரைப் பார்த்ததுமே போனை எடுத்து நீட்டினார். போனில் அந்த போட்டோ.

"என்னம்மா இது?"

"சார், சேலை மட்டுந்தான் சார் வாங்குனேன். புள்ள ஈரத்தோட நின்னுச்சு."

"காபிகூடக் குடிக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க சேலையே வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"நான் பாத்தத மாத்த மாட்டேன் சார். பாத்தது பாத்ததுதான். கூண்டுல ஏத்துங்க, சொல்றேன்."

"அவங்க வக்கீல் இத எடுத்து நீட்டுனா என்ன சொல்லுவீங்க? தாய்மாமன்னு எழுதியிருக்கு. ஒங்க அண்ணனுக்கு எதிரா எதுக்கும்மா சாட்சி, சொத்துத் தகராறான்னு கேப்பான். நீங்க அழுவீங்க. என் கேஸு நாறிப்போகும்." பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "இந்தச் சாட்சி கெட்டுப்போச்சு சார்" என்றார். பால் திரிந்துபோய்விட்டது என்று சொல்கிற மாதிரி. செண்பகவல்லி முன்னாலேயே.

"ஒக்காருங்க. தேவைப்பட்டாக் கூப்புடுறோம்."

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்தார். டவாலி வெளியே வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் செண்பகவல்லி எழுந்து நின்றார். லாரி டிரைவர் பெயர். மில்லில் வேலை பார்த்தவர்கள் பெயர். எல்லாரும் உள்ளே போய், எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்காக எல்லாரும் கலைந்தபோது சேர்மன் அந்தப் பக்கமாக வந்தார். கூட ஒரு கூட்டம். நின்றார்.

"சாப்ட்டியா தங்கச்சி?"

செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் வயித்தோட ஒக்காந்திருக்காத. மருமக எப்பிடி இருக்கா? குளுருல நின்னுச்சே, சளி கிளி பிடிச்சிருச்சா?"

பிள்ளைக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. செண்பகவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் மறுபக்கம் குனிந்து ஓங்கரித்தாராம். வெறும் வயிறு, ஒன்றும் வரவில்லை. "அடடா, தண்ணி குடுங்கப்பா, தண்ணி குடுங்க" என்று சேர்மன் தன் கையாலேயே பாட்டிலை நீட்டினாராம். அவர் வாங்கவில்லை.

சாயங்காலம் கோர்ட்டு கலைகிற வரைக்கும் இருந்தார். கடைசிவரை அவர் பெயர் வரவில்லை.

நானாக இருந்தால் அந்தச் சேலையை வாசலிலேயே தூக்கி எறிந்திருப்பேன் அக்கா. நிஜமாகத்தான் சொல்கிறேன். பழக்கமாவது வழக்கமாவது. ஒரு நைட்டியைக் கொடுத்து உட்கார வைத்திருக்க வேண்டியதுதானே. அந்த அம்மாவிடம் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அதுதான். ஒரு இடத்தில் வளைந்துகொடுத்தால் முடிந்தது. படித்தவர்களுக்காவது அந்தத் தெளிவு வேண்டும்.

ஆப்பிளா? ஆமாம், சொல்கிறேன் என்றேனே. கூட்டுறவு வங்கியில் எனக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. எழுத்துத் தேர்வில் நானாகப் படித்துத்தான் தேறினேன், யாரும் ஒரு மார்க் சேர்த்துப் போடவில்லை. டவுனில் ஒரு ஐயா இருக்கிறார். கமிட்டியில் இருப்பவர்களுக்கு வேண்டியவராம். அவரை ஒருதடவை பார்த்துவிட்டு வா என்று அப்பா சொன்னார். வெறுங்கையோடு போய் நின்றால் மரியாதையாக இருக்காது என்பதற்காக ஆப்பிளும் ஒரு சால்வையும். அவ்வளவு மட்டும்தான். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுவேன், அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். இது வேறு, அது வேறு. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, மீதியைச் சொல்லிவிடுகிறேன். என் ஸ்டாப் வரப் போகிறது.

தீர்ப்பு வந்து சேர்மன் வெளியே வந்த அன்றைக்கு ஊரெல்லாம் வெடி. இப்போது எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், 'செண்பகவல்லி காச வாங்கிக்கிட்டுக் கூண்டுல ஏறி மாத்திச் சொல்லிட்டா' என்பார்கள். கூண்டில் நின்று அழுதாள் என்று பார்த்த மாதிரியே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுடைய அம்மாக்கள் அவர் முகத்துக்கு நேரேயே, "எங்க புள்ளைக பருப்ப நீங்க பட்டுச் சேலையாக் கட்டிட்டீங்களே டீச்சர்" என்று கேட்டார்களாம். அவர் எப்போதும்போலப் பதினோரு மணிக்கு உலை வைக்கிறார், பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிறார். அந்தப் பட்டுச் சேலையை நாலாகக் கிழித்துச் சத்துணவுக் கூடத்தில் சட்டி இறக்குகிற கரித்துணியாகப் போட்டிருக்கிறார். பட்டு சூடு தாங்காது, இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டார். வேறு துணி கொண்டுபோய்க் கொடுத்தால் அத்தையைத் திட்டுகிறார். அந்தத் துண்டை நான் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் ஜரிகை இருக்கிறது, பாக்கியெல்லாம் கரி.

கூண்டில் ஏறவே இல்லை என்பது அத்தை ஒருத்தி சொல்வது. ஏறினாள், மாற்றினாள் என்பது ஊர் சொல்வது. அத்தை கூட்டிச் சொல்லும் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா. எனக்குத் தூக்கம் வரவில்லை. தீர்ப்புகளை இப்போது நெட்டில் போடுகிறார்கள். போனில் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். அரசுத் தரப்பில் விசாரித்த சாட்சிகளில் செண்பகவல்லியின் பெயர் இல்லை. அவரைத் தேவையில்லை என்று அரசுத் தரப்பே கைவிட்டதாக ஒரு வரி இருக்கிறது, அத்தை துணைக்குப் போன அதே தேதியில். கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். விடுதலைக்குக் காரணம் சொல்கிற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறது: 'எதிரியைச் சம்பவ இடத்தில் நேரில் கண்டதாகச் சொல்ல ஒரு சாட்சிகூட இந்த நீதிமன்றத்தின் முன் வரவில்லை.'

அதற்கப்புறம் ஒருநாள் அந்தக் கோர்ட்டுக்கே போனேன். வராந்தாவில் அந்த பெஞ்சு இன்னும் கிடக்கிறது, கதவுக்கு நேர் எதிரே. நானும் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து நீதிபதியின் நாற்காலி நன்றாகத் தெரிகிறது.